பித்தப்பை போன பிறகும் வலி: சிங்கப்பூர் அரசாங்க மருத்துவ வழி எங்கே கெட்டி, எங்கே சுணக்கம்

பித்தப்பையை எடுத்தாயிற்று, வயிற்றில் நாலு சின்னத் தழும்பு, அதோடு விட்டது என்று இருப்போம். எட்டு மாதமோ மூன்று வருடமோ கழித்து வலது விலாவுக்குக் கீழே அதே பழைய வலி வந்து உட்காரும். இல்லாவிட்டால் வலியே இருக்காது, சாப்பிட்டு அரைமணி நேரத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கண் தேடும். முதலாவது, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பித்தநாளம் என்ற குழாயின் கோளாறு, இரண்டாவது குடல் கோளாறு. இந்த இரண்டையும் வைத்து சிங்கப்பூரின் பொதுத்துறை மருத்துவச் சேவையை எடைபோட்டால், குழாய் வேலையில் கெட்டி, கழிப்பறைக் கவலையில் சுணக்கம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே பேசுவது எந்தத் தனி மருத்துவமனையையும் பற்றி அல்ல. பலதுறை மருந்தகம் என்று பலகையில் எழுதி, எல்லோரும் பாலிகிளினிக் என்று கூப்பிடும் இடத்தில் தொடங்கி, எண்டோஸ்கோப்பி மேசை வழியாக மருந்துப் பொட்டலம் வரை போகும் பாதையைப் பற்றி.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பை பிடித்து வைத்திருந்தது 30 முதல் 50 மில்லிதான். அதைச் சுண்டவைத்து, எண்ணெய்ச் சாப்பாடு வந்ததும் பிழிந்துவிடும். பை போனதும் சுண்டவைக்க ஆளில்லை, பித்தநீர் நாள் முழுக்கக் குடலில் சொட்டுகிறது. பெரும்பாலோருக்கு உடம்பு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். பழகாதவர்களும், பித்தநாளத்தில் அடைப்பு வந்தவர்களும்தான் மறுபடி மருத்துவரைத் தேடுகிறார்கள்.

1882இல் பெர்லினில் முதல் பித்தப்பையை எடுத்த கார்ல் லாங்கன்புக், பையில் கல் இருப்பதால் அல்ல, பைதான் கல்லை உருவாக்குகிறது என்பதால் அதை எடுக்க வேண்டும் என்று வாதாடினார். முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசி என்னவென்றால், பித்தநாளத்துக்குள்ளேயும் கல் உருவாகும். அறுவை முடிந்து இரண்டு வருடத்துக்குள் நாளத்தில் கல் தெரிந்தால், அது பையிலிருந்து முன்பே நழுவி வந்து தங்கிய கல் என்று எடுத்துக்கொள்வது மருத்துவ வழக்கம். அதற்கும் பிறகு தெரிந்தால், பெரும்பாலும் நாளத்திலேயே கிருமித் தொற்றோடு சேர்ந்து உருவான பழுப்பு நிறக் கல். தொட்டால் உதிரும் மண்ணாங்கட்டி மாதிரி இருக்கும். "பைதான் இல்லையே, கல் எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டுக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வாசல்?

நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது மேல்வயிற்றில் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தநாளத்தில் சீழ் பிடிக்கிறது என்று பொருள். பாலிகிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருக்கக் கூடாது, 995ஐ அழைத்து நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். 1777 அவசரமில்லாத ஆம்புலன்ஸ் எண், இதற்குச் சரிவராது. மூன்றும் சேராவிட்டாலும், சிறுநீர் பால் விடாத தே-ஓ நிறத்தில் போய், மலம் களிமண் நிறத்துக்கு வெளுத்தால் அதே அவசரம்தான். வயதானவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக இருக்காது. திடீரென்று குழப்பமாகப் பேசுவார்கள், ரத்த அழுத்தம் இறங்கும். "அப்பாவுக்கு மறதி கூடிவிட்டது" என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நாளம் அடைத்திருக்கும்.

இந்த அவசர வாசலுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். மஞ்சளும் காய்ச்சலுமாக வருபவரை முன்னுரிமைப் பிரிப்பிலேயே உள்ளே தள்ளிவிடுவார்கள். ரத்தம், நுண்ணுயிர்க்கொல்லி, ஸ்கேன், தேவைப்பட்டால் நாளத்தின் அடைப்பைத் திறப்பது என்று வரிசையாக நடக்கும். பெரிய பொது மருத்துவமனைகளில் ஈரல்-பித்தநாள அறுவை நிபுணர்களும் குடல்-ஈரல் நோய்ப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் இருப்பது இந்த இடத்தில் பெரிய பலம்.

அவசரமில்லாத வலிக்குப் பாலிகிளினிக்தான் சரியான முதல் வாசல். காரணம் மருத்துவம் பாதி, பணம் பாதி. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பாலிகிளினிக் பரிந்துரைக் கடிதத்தோடு போனால் சிறப்பு வெளிநோயாளிப் பிரிவில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். சாஸ் என்ற சமூக சுகாதார உதவித் திட்டத்தில் உள்ள குடும்ப மருத்துவரும் அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம். அவசரப்பட்டுத் தனியார் கட்டணத்தில் நிபுணரைப் பார்த்துவிட்டு, ஸ்கேன் விலையைக் கேட்டபிறகு சலுகைப் பக்கம் தாண்ட நினைத்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். சலுகையில் போனால் இன்ன நிபுணர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. இந்தத் தொல்லைக்கு அது பெரிய இழப்பில்லை.

பாலிகிளினிக்கில் தவறு நடப்பது பெரும்பாலும் ரத்தம் எடுக்கும் நாளில்தான். நாளத்தில் சின்னக் கல் ஒன்று மாட்டி, ஒரு மணி நேரம் படுத்தியெடுத்துவிட்டுக் குடலுக்குள் நழுவிவிடும். அந்த நேரத்தில் ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற ஈரல் நொதிகள் சில மணி நேரத்தில் சில நூறுக்குக்கூட எகிறும், பிறகு சில நாட்களில் இறங்கிவிடும். செவ்வாய் ராத்திரி வலித்தவர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் பதிவு செய்து ரத்தம் கொடுத்தால், முடிவு பளிச்சென்று இருக்கும். "எல்லாம் நார்மல்" என்று நெஞ்செரிச்சல் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மருத்துவர் மேல் குற்றமில்லை, தாளில் ஒன்றும் தெரியாது. வலி வந்த அன்றே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது, ஈரல் பரிசோதனையும், கணைய நொதியான அமைலேஸ் அல்லது லிப்பேஸும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று நான்கு நாள் கழித்து இன்னொரு முறை எடுத்து, முதலில் ஏறியது இறங்கியிருந்தால் கல் கடந்து போயிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. கணைய நொதி சாதாரண உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போய் வலியும் இருந்தால் கணைய அழற்சி, மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் பலருக்கு ஏஎல்டி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பழைய எண்ணை ஹெல்த்ஹப் செயலியில் எடுத்துக் காட்டினால் புதிய ஏற்றமா, பழைய கதையா என்பது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு மொழியில் நடக்கிறது. நம்மவர்கள் மேல்வயிற்றில் எது வந்தாலும் "கேஸ்", "வாயு பிடிச்சிருக்கு" என்பார்கள். கேட்பவர் அதை அப்படியே வாயு என்று குறித்துக்கொள்வார், பித்தநாள வலி அங்கேயே தொலைந்துவிடும். சொல்ல வேண்டியது இப்படி: வலி எங்கே, முதுகுக்கோ வலது தோள்பட்டை எலும்புக்கோ ஓடுகிறதா, எத்தனை நிமிடம் நீடித்தது, தூக்கத்திலிருந்து எழுப்பியதா. பித்தநாள வலி ஏறி ஒரு மட்டத்தில் நின்று, அரைமணி நேரமாவது அசையாமல் இருக்கும். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், புரண்டு படுத்தாலும், ஆன்டாசிட் குடித்தாலும் குறையாது. இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழ் பேசும் தாதியிடமோ, துணைக்குப் போகும் பிள்ளையிடமோ சொல்லி ஆங்கிலத்தில் மாற்றிவிட்டால் பாதி நோயறிதல் முடிந்தது.

குடும்ப மருத்துவர் இருமலுக்கோ வலிக்கோ கோடீன் கலந்த மருந்து எழுதப்போனால், பித்தப்பை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோடீன், மார்ஃபின் வகையறா நாளத்தின் வாயிலுள்ள வளையத் தசையை இறுக்கும். பை இருந்த காலத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்க ஒரு பலூன் இருந்தது, இப்போது இல்லை. சிலருக்கு ஒரே மாத்திரையில் பழைய கல்வலி மாதிரியே வரும். கணையம் வீங்குவதும் உண்டு.

அறுவைக் குறிப்பு

ஆபரேஷன் இங்கேயே பொது மருத்துவமனையில் நடந்திருந்தால் குறிப்புகள் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் கிடைத்துவிடும். திருச்சியிலோ மதுரையிலோ ஊருக்குப் போன சமயம் செய்திருந்தால், கையில் இருப்பது பெரும்பாலும் பில்லும் டிஸ்சார்ஜ் தாளும்தான். அது போதாது. அறுவைக் குறிப்பு என்ற தனித்தாளைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை சில. பையை முழுதாக எடுத்தார்களா, இல்லை வீக்கம் அதிகமென்று ஒரு பகுதியை விட்டுத் தைத்தார்களா? விட்ட பகுதியில் மறுபடி கல் சேரும். பையை எடுத்தபின் மிஞ்சும் குட்டைக் குழாயிலும் சேரும். எடுக்கும்போது பை கிழிந்து கற்கள் வயிற்றுக்குள் சிந்தினவா? சிந்துவது அபூர்வமில்லை, பெரும்பாலும் தொந்தரவும் தராது. ஆனால் ஒரு கல் ஈரலுக்குக் கீழே தங்கி, மாதங்களோ வருடங்களோ கழித்து விலாப்பக்கம் சீழ்க்கட்டியாக வந்தால், அந்த ஒரு வரி இல்லாமல் காரணம் கண்டுபிடிக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். குழாயை அடைக்கப் போட்ட கிளிப் எத்தனை, டைட்டானியமா பிளாஸ்டிக்கா என்பதும் முக்கியம்.

பையைச் சோதித்த திசு அறிக்கையையும் தேடி எடுங்கள். அபூர்வமாக அதில் புற்று அணுக்கள் தற்செயலாகத் தெரியவரும். அறிக்கை வருவதற்குள் ஊரிலிருந்து விமானம் ஏறிவிட்டவர்கள் அதைப் படிப்பதே இல்லை.

ஸ்கேன்

முதலில் அல்ட்ராசவுண்ட், ஆறு மணி நேரம் வெறும் வயிறு. இதில் வீண் பயம் கிளப்பும் ஒரு வரி உண்டு: "பித்தநாளம் 9 மில்லிமீட்டர், விரிந்துள்ளது". பை உள்ளவருக்கு 6 மில்லி வரை சாதாரணம். பை எடுத்தவருக்கு நாளம் தானாகவே கொஞ்சம் அகலும், 10 மில்லி வரை பலருக்கு அது நோயே இல்லை. ஈரல் எண்கள் சரியாக இருந்து வலியும் இல்லாவிட்டால் அந்த வரிக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அதே அல்ட்ராசவுண்ட் "கல் இல்லை" என்றால் அதையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. நாளத்தின் அடிப்பகுதி குடல்காற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, அங்கே உள்ள கல் தாராளமாகத் தப்பிவிடும்.

அடுத்தது எம்ஆர்சிபி, அதாவது பித்தநாளத்தைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, பெரும்பாலும் ஊசிமருந்தும் இல்லை. நாலு மணி நேரம் சாப்பிடாமல் போய், அரைமணி முதல் முக்கால் மணி நேரம் அந்தக் குகைக்குள் மூச்சைப் பிடித்து விட வேண்டும். "உள்ளே கிளிப் இருக்கிறதே" என்று பயப்படுபவர்களுக்கு: இப்போது போடும் டைட்டானியம் கிளிப்புக்கு எம்ஆர்ஐ சரிதான், ஆனால் முன்பரிசோதனைத் தாளில் மறக்காமல் எழுத வேண்டும். சில மையங்களில் ஸ்கேனுக்கு முன் அன்னாசிச் சாறு குடிக்கக் கொடுப்பார்கள். உபசாரம் இல்லை. அதிலுள்ள மாங்கனீஸ் வயிற்று நீரின் வெளிச்சத்தைப் படத்தில் மங்கவைத்து நாளத்தை மட்டும் பளிச்சென்று காட்டும்.

எம்ஆர்சிபியும் 5 மில்லிமீட்டருக்குச் சிறிய கல்லைத் தவறவிடக்கூடும். வலி வரும்போதெல்லாம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் எண்கள் ஏறி இறங்குகின்றன, எம்ஆர்சிபி சுத்தம் என்றால் எண்டோஸ்கோப்பி நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்க்கும் இயூஎஸ் உண்டா என்று கேட்கலாம். சின்னக் கல்லுக்கு அதுதான் கூர்மையான கண். காத்திருப்புதான் இந்தக் கட்டத்தின் குறை. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு ஸ்கேன் விரைவில் கிடைக்கும். வெளியிலிருந்து வருபவருக்கு அவசரமில்லாத எம்ஆர்ஐ வாரக்கணக்கில் தள்ளும். அந்த இடைவெளியில் வலி மறுபடி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய் அன்றே ரத்தம் கொடுங்கள்.

இஆர்சிபி, அப்புறம் மறந்துபோகும் ஸ்டென்ட்

கல் உறுதியானால் இஆர்சிபி. வாய்வழியாகப் பக்கப்பார்வை எண்டோஸ்கோப்பை முன்சிறுகுடல் வரை இறக்கி, நாளத்தின் வாயைச் சிறிது கீறி, பலூனோ கம்பிக்கூடையோ வைத்துக் கல்லை வெளியே இழுப்பார்கள். ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டிய கல்லை உள்ளேயே உடைக்க வேண்டியிருக்கும், ஒரே தடவையில் முடியாமலும் போகலாம். இது சாதாரண எண்டோஸ்கோப்பி மாதிரி இல்லை. நூற்றில் சுமார் ஐந்து பேருக்குச் செயல்முறையே கணைய அழற்சியைக் கொண்டுவரும். ரத்தக் கசிவு நூற்றில் ஒன்றிரண்டு, குடலில் துளை அதைவிடக் குறைவு. கணையத்தைக் காக்க, டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெதசின் 100 மில்லிகிராம் ஆசனவாய் வழியாக வைக்கும் பழக்கம் இப்போது பரவலாக உண்டு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுமுன் "எனக்கு அது வைப்பீர்களா?" என்று கேட்பது தப்பில்லை. சிறுநீரகக் கோளாறோ அந்த வகை மருந்துக்கு ஒவ்வாமையோ இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் எந்த நாளில் நிறுத்துவது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தாங்களாக நிறுத்தக் கூடாது. முடிந்த அன்று இரவு முதுகுக்குப் பாயும் வலி, வாந்தி, கறுத்த மலம் என்றால் மறுநாள்வரை பொறுக்காமல் திரும்பிப் போக வேண்டும்.

கல்லும் இல்லை, ரத்தமும் சரி, நாளமும் அகலவில்லை, ஆனால் வலி மட்டும் இருக்கிறது என்பவர்களுக்குத்தான் ஏமாற்றம் காத்திருக்கும். முன்பெல்லாம் நாளத்தின் வாய்த்தசைதான் இறுகிவிட்டது என்று சொல்லி அதைக் கீறிவிடுவார்கள். 2014இல் வெளியான எபிசாட் ஆய்வு இப்படிப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு உண்மையாகக் கீறியும் சிலருக்குக் கீறுவதுபோல் பாவனை செய்தும் பார்த்தது. கீறியவர்களுக்குக் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. ஆகவே நிபுணர் "இஆர்சிபி வேண்டாம்" என்று சொன்னால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைக்காதீர்கள், அதுதான் நல்ல சேவை. வேறு காரணம் தேட வேண்டும்: வயிற்றுப்புண், அமிலம் மேலேறுவது, குடல் எரிச்சல், சில சமயம் தழும்பில் மாட்டிய நரம்பு. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா, வயிற்றுத் தசையை இறுக்கும்போது வலி கூடுகிறதா என்று மருத்துவர் பார்ப்பது இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான்.

நாளம் சுருங்கிப்போவது வேறு விஷயம். அறுவையின்போது நாளத்தில் பட்ட காயமோ சூடோ மெல்ல மெல்லத் தழும்பாகி, மாதங்களோ வருடங்களோ கழித்து அடைக்கும். வலி அதிகம் இருக்காது. ராத்திரியில் உள்ளங்கை அரிப்பு, அவ்வப்போது குளிர்க்காய்ச்சல், ஒவ்வொரு பரிசோதனையிலும் ஏஎல்பி, ஜிஜிடி என்ற ஈரல் நொதிகள் படிப்படியாக ஏற்றம். கொழுப்பு ஈரல் என்று இதைத் தள்ளிவைத்தால் ஈரலே கெடும். ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை நாளத்துக்குள் வைத்து மாதக்கணக்கில் விரித்துப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் சிறுகுடலின் ஒரு துண்டை ஈரல்நாளத்தோடு நேராக இணைக்கும் பெரிய அறுவை. அதை ஈரல்-பித்தநாள நிபுணர்தான் செய்ய வேண்டும்.

ஸ்டென்ட் விஷயத்தில்தான் சேவையில் ஓட்டை. பிளாஸ்டிக் ஸ்டென்ட்டின் ஆயுள் சுமார் மூன்று மாதம். அதற்குமேல் உள்ளே மண்டி படிந்து அதுவே அடைப்பாகிவிடும். வைத்தபின் உடம்பு சுகமாக இருப்பதால் நோயாளி மறந்துவிடுகிறார், கைப்பேசி எண் மாறினால் நினைவூட்டும் குறுஞ்செய்தியும் வந்து சேராது. ஒரு வருடம் கழித்துச் சீழோடு வருவார்கள். வீட்டுக்குப் போகும் அன்றே, ஸ்டென்ட் உள்ளே இருக்கிறதா, எடுக்கும் தேதி எது என்று கேட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

சாப்பிட்டதும் ஓடும் தொல்லை

சேவையின் சுணக்கம் இங்கேதான். சிங்கப்பூருக்கு மட்டும் உரிய குறையில்லை, உலகம் முழுக்க இதைக் குடல் எரிச்சல் நோய் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் அடக்கமுடியாத அவசரம், மஞ்சளோ பச்சையோ கலந்த தண்ணீர் மலம், ஆசனவாயில் எரிச்சல். அறுவைக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால் பித்த அமிலம்தான் முதல் சந்தேகம். அமிலத்தில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு இடைவிடாமல் வந்து சிறுகுடலால் சமாளிக்க முடியாதபோது மீதி பெருங்குடலுக்குள் இறங்கி, அங்கே தண்ணீரைச் சுரக்கவைத்துத் துரத்துகிறது.

பித்த அமிலம்தான் என்று முடிவுகட்டுமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, மெட்ஃபார்மின். நம் வீடுகளில் நீரிழிவு மாத்திரை இல்லாத அலமாரி குறைவு, அதுவே வயிற்றுப்போக்கு கொடுக்கும். மாத்திரை கூட்டிய நாளும் தொல்லை தொடங்கிய நாளும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி. இதில் எது இருந்தாலும் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி தேவை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கும் மலப் பரிசோதனைப் பொட்டலம் அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அறிகுறி இருக்கும்போது அதில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் அதை நம்பி உட்காரக் கூடாது.

மருந்து, கொலஸ்டைரமின் என்ற பொடி. பழைய கொலஸ்ட்ரால் மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக் கட்டி வெளியே கொண்டுபோகும், ரத்தத்தில் கலக்காது. லோபெரமைட் 2 மில்லிகிராம் முதலில் கிடைக்கும், அது ஓட்டத்தை நிறுத்தும், காரணத்தைத் தொடாது. சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் நாளுக்கு அது போதும், தினசரிக்குப் பொடிதான். பாலிகிளினிக்கில் யாரும் தானாக எழுதிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, "பித்த அமிலப் பேதியாக இருக்குமா?" என்று நாமே வாய் திறக்க வேண்டியிருக்கும்.

பொட்டலத்தைப் பிரித்தால் எலுமிச்சை மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நொறுநொறுப்பான தூள். மருந்து 4 கிராம், சில தயாரிப்புகளில் பொட்டலத்தின் மொத்த எடை 9 கிராம், மீதி சர்க்கரையும் சுவையூட்டியும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை இல்லாத வகை உண்டா என்று மருந்தாளரிடம் கேட்கலாம். ஒரு கோப்பையில் 120 முதல் 180 மில்லி தண்ணீர், மேலே தூளைத் தூவி ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு கலக்க வேண்டும். கரையாது. எவ்வளவு கலக்கினாலும் மெல்லிய மணல்நீர் மாதிரியே இருக்கும், கெட்டுப்போன பொட்டலம் என்று தூக்கிப்போடாதீர்கள். பால், நீர்மோர், பழச்சாறு எதிலும் கலக்கலாம். சோடா வேண்டாம், நுரைத்துப் பொங்கும். உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்காமல் ஒரே மூச்சில் இறக்கிவிட வேண்டும், வாயில் வைத்திருந்தால் பல் நிறம் மாறும், எனாமல் அரிக்கும். கோப்பையில் மிஞ்சிய தூளுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதையும் குடித்துவிட வேண்டும். காய்ந்த தூளை வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது ஆபத்து, தொண்டையில் அடைக்கும்.

நாளுக்கு ஒரு பொட்டலம், சாப்பாட்டை ஒட்டித் தொடங்குவது வழக்கம். மலம் கெட்டியாகும் வரை சில நாளுக்கு ஒருமுறை மருத்துவர் சொல்படி கூட்டுவார்கள். நாளுக்கு 24 கிராம்தான் உச்சம், பித்தப்பை எடுத்த பெரும்பாலோருக்கு அவ்வளவு தேவைப்படாது. மலச்சிக்கலும் வயிற்று உப்பசமும் வந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், அரைப் பொட்டலமே போதுமானவர்களும் உண்டு. சரியான அளவில் இரண்டு வாரம் எடுத்தும் துளி மாற்றமில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம்.

இந்தப் பொடியால் வரும் குழப்பமெல்லாம் பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். பித்த அமிலத்தைப் பிடிப்பது போலவே மற்ற மருந்துகளையும் பிடித்து வீணாக்கிவிடும். தைராக்ஸின், வார்ஃபரின், டிஜாக்ஸின், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில ஸ்டாட்டின்கள். மற்ற மருந்தைப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலு முதல் ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். காலை 6 மணிக்குத் தைராக்ஸின், 7:30க்குப் பசியாறும்போது மெட்ஃபார்மினும் அழுத்த மாத்திரையும், 12:30க்குப் பகல் சாப்பாட்டோடு பொடி, இரவு 7:30க்கு இரண்டாவது மெட்ஃபார்மின், படுக்கும்முன் ஸ்டாட்டின் என்று வைத்துக்கொண்டால் எதுவும் எதையும் தொடாது. தைராக்ஸின் எடுப்பவர்கள் பொடி தொடங்கி ஆறு வாரத்தில் தைராய்டு அளவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வார்ஃபரின் எடுப்பவர்கள் பொடி தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ரத்தம் உறையும் கணக்கைப் பார்த்தே ஆக வேண்டும். டிரைகிளிசரைடு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இது அதை இன்னும் ஏற்றும். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் டி போன்ற கொழுப்பில் கரையும் சத்துகள் குறையும். நாளம் முழுக்க அடைத்திருப்பவருக்கு இந்தப் பொடி பயனற்றது, குடலுக்கு அமிலமே வராதபோது பிடிக்க என்ன இருக்கிறது?

சாப்பாட்டு ஆலோசனையில் சேவைக்குப் பாதி மதிப்பெண்தான். "எண்ணெய் குறைங்க" என்று அச்சடித்த தாள், அதில் ரொட்டியும் ஓட்ஸும். நம்மவர் காலையில் புரோட்டாவும் மட்டன் குழம்பும், மதியம் வாழையிலைச் சாப்பாடு, நடுவில் தே தாரிக் என்று இருப்பதற்குக் கணக்கு அதில் இல்லை. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் 4.5 கிராம் கொழுப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லியில் 20 கிராம் அளவில். நாசி லெமாக்கின் ஒரு தட்டில் அரிசி, சம்பல், பொரித்த கோழி மூன்றும் கொழுப்பைக் கூட்டுகின்றன. எதையும் ஆயுளுக்கும் விலக்க வேண்டாம், ஒரே வேளையில் குவிப்பதுதான் தொல்லை. தேக்கா உணவங்காடியில் இட்லி, தோசைக்குச் சட்னியைக் குறைத்து சாம்பாரைக் கூட்டலாம். தே தாரிக்குக்குப் பதில் தே-ஓ கோசோங். காப்பி கொழுப்பில்லாமலே பெருங்குடலைக் கிளப்பும், ஆகவே வெறும் வயிற்றில் காப்பி-ஓ குடித்துவிட்டுப் பித்தத்தைத் திட்ட வேண்டாம். இசப்கோல் உதவும், ஆனால் அதுவும் மருந்துகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு

வேலை அனுமதி ஊழியரின் மருத்துவச் செலவுப் பொறுப்பு முதலாளியுடையது. 2023 ஜூலை 1 முதல் முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்புறுதி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. முதல் 15,000 வெள்ளியைக் காப்புறுதி நிறுவனமும், அதற்குமேல் 60,000 வரை உள்ளதில் கால்பங்கை முதலாளியும் தாங்க வேண்டும். இது மருத்துவமனையில் சேர்வதற்கும் பகல்நேர அறுவைக்கும்தான். வெளிநோயாளியாகப் போடும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இதில் வராததால் அங்கேதான் இழுபறி. தங்குவிடுதி ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டத்தில் உள்ளவர்கள் முதலில் அந்த மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டு, முதலாளியின் ஒப்புதலை எழுத்தில் கேட்பது சுருக்கு வழி.

உள்ளே ஸ்டென்ட்டோடு ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். முடிந்தால் எடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். முடியாவிட்டால், வார்டிலேயே ஒரு கடிதம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த தேதி, பிளாஸ்டிக்கா உலோகமா, நீளமும் தடிமனும், கல் முழுக்க எடுக்கப்பட்டதா என்ற நாலு விவரமும் அதில் இருந்தால், தஞ்சாவூரிலோ மதுரையிலோ உள்ள எண்டோஸ்கோப்பி மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்காமல் நேரே வேலையைப் பார்க்கலாம்.